கட்டியது இக்கரை, விழுந்தது அக்கரை

பெயிண்டர் சம்சாரம் என்றால்தான் எங்கள் தெருவில் என்னைத் தெரியும். வயது நாற்பத்தொன்று. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர்த்தொட்டித் தெருவில், மாடிப்படிக்குக் கீழுள்ள ஒற்றை அறையில் கணவருடன் இருக்கிறேன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். இன்று கோர்ட் வராந்தாவில் மேஸ்திரியை அடித்தது பற்றி விசாரித்ததன் பேரில் நானாகச் சொல்வதாவது:

என் கணவர் பாலத்துக்கு வர்ணம் அடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். பாலத்தில் பாதி நம் மாநிலம், மறுபாதி அடுத்த மாநிலம். கம்பெனி ஷெட் நம் பக்கம் இருக்கிறது. ஆட்கள் உட்காரும் தொங்கு பலகைக்கு மேஸ்திரிதான் ஷெட்டிலேயே கயிறு கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு பெயிண்ட் தடவுவார். வேலையாள் கை வைத்து அந்தப் பெயிண்ட் உரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். என் கணவர் கை வைத்ததில்லை. போன மழைக்காலத்துக்கு முன், மறுபாதியில் வேலை செய்கையில் முடிச்சு அவிழ்ந்து பாறையில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. புரட்டிப் படுக்க வைப்பதும் துடைத்து விடுவதும் நான்தான்.

அதன் பிறகு மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து, "அவசரத்துல ஒத்த முடிச்சு போட்டுட்டேன் அக்கா, பாவி நான்" என்று அழுதார். அவர் என்று எழுதுவது ஸ்டேஷன் ரைட்டர் அய்யா இஷ்டம், நான் சொல்வது அவன். அன்று அவனுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியதும் நானே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு கம்பெனி மேல் வழக்குப் போட்டோம். விழுந்த இடம் அடுத்த மாநிலம், ஆகவே அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும் என்று கம்பெனி வக்கீல் சொன்னார். அந்தச் சட்டப்படி வேலையாள் பேரில் துளி கவனக்குறைவு இருந்தாலும் நஷ்டஈடு கிடையாது. முடிச்சைச் சோதித்துப் பார்க்காதது கவனக்குறைவாம். கை வைத்தால் வேலை போகும், வைக்காவிட்டால் வழக்கு போகும், இது எந்த ஊர் நியாயம்? நம் மாநிலச் சட்டத்தில் கயிறு கட்டிக் கொடுத்த கம்பெனிதான் பொறுப்பு. தப்பு நடந்தது நம் பக்கத்து ஷெட்டில், ஆகவே நம் சட்டம்தான் என்று எங்கள் வக்கீல் வாதாடினார். முடிச்சு எங்கே போடப்பட்டது என்று சொல்ல மேஸ்திரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

இன்று காலை அவர் கூண்டேறி, சத்தியம் செய்துவிட்டு, கயிறு மறுபாதியில் வைத்துக் கட்டப்பட்டது என்றும் கட்டியது என் கணவரே என்றும் வாய் கூசாமல் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்த என் கணவர், "டேய், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா" என்றார். மேஸ்திரி பார்க்கவில்லை. நீதிபதி என் கணவரைத்தான் அதட்டினார். அதன் பிறகு அடுத்த மாநிலச் சட்டமே பொருந்தும் என்று உத்தரவானது. எங்கள் வக்கீல் அப்பீல் என்று ஏதோ சொன்னார், என் காதில் ஏறவில்லை.

அதன் பிறகு வராந்தாவில் மேஸ்திரியை மறித்து, ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு அக்கா" என்றார். "அக்காவா? இன்னொரு தடவ சொல்லுடா" என்று இரண்டு கன்னத்திலும் அறைந்தேன். பல் ஆடுகிறது என்று புகார் கொடுத்திருக்கிறாராம். ஆடட்டும்.

அடித்ததை நான் மறுக்கவில்லை, வருத்தமும் இல்லை. நான் கை ஓங்கியதும் இந்த மாநிலம், அது அவர் கன்னத்தில் விழுந்ததும் இந்த மாநிலம். இந்த வழக்குக்காவது எந்த ஊர்ச் சட்டம் என்று யாரும் தேட வேண்டியதில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(கையொப்பம்)