சாம்பல் கட்டமும் ஒரு பக்க விதித்தாளும்

தலைமையேற்றிருக்கும் ஒருங்கிணைப்பாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நிரலாளர்களே, கையேடு எழுதும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் அழ வரவில்லை. அருவருப்போடு வந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் ‘ஒழுங்கின் தாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது கொடுத்தீர்கள் இந்தப் பட்டத்தை? உயிரோடு இருந்தபோதா? இல்லையே!

இந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பைப் பார்த்தேன். இறந்தவர் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவதா, அடிக்கோடிடுவதா என்று இரண்டு நாள் மின்னஞ்சலில் சண்டை! கடைசியில் மூன்று அறிவிப்புகள் போயின. ஒன்றில் நான்கு மணி, ஒன்றில் பதினாறு மணி, ஒன்றில் வெறும் ‘மாலை’. அவருடைய கணவர் எது சரி என்று தெரியாமல் இரண்டு மணிக்கே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார். வெட்கமாக இல்லையா?

அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர் அவர். அதனால்தான் உங்களுக்கெல்லாம் ‘மெய்ப்பு அக்கா’. சிறிய மருத்துவமனைகள் மருந்து இருப்பைப் பார்ப்பதற்காக நாம் இலவசமாகத் தரும் இந்தத் திறந்த மூல மென்பொருளுக்கு, காசு வாங்காமல் பதினொரு வருடம் கையேடு திருத்தினார். நான் கல்லூரிப் படி ஏறாதவன். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் இருந்தபடி கணினியை நானாகவே கற்றவன். என் எழுத்தையும் மதித்துத் திருத்தினார்.

ஒரு மருந்தாளுநர் அழைத்த நாள் நினைவிருக்கிறதா? தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றோம்.

“முந்தின பக்கத்துல, சாம்பல் கட்டத்துல இருக்கிறதை அப்படியே டைப் அடிங்கன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? அடுத்த பக்கத்துலயும் சாம்பல் கட்டம் இருந்துச்சு, அடிச்சேன். ரெண்டு வருஷப் பதிவும் போயிருச்சு.”

நம் நிரலாளர் ஒருவர், இதோ மேடையில்தான் இருக்கிறார், சிரித்துக்கொண்டே சொன்னார்: “முழுசா படிச்சுட்டு அடிக்கணும்மா.”

அக்கா திரும்பினார். “அவங்க படிச்சதாலதான் தம்பி அடிச்சாங்க.”

முந்தின பக்கத்தை எழுதியவர் வேறொருவர். அடுத்த பக்கத்தை எழுதியவன் நான். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை, ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று காட்டுவதற்காக, நானும் சாம்பல் கட்டத்தில் போட்டிருந்தேன். எச்சரிக்கையோ பக்கத்தின் அடியில், சிவப்பில். “கீழே கொட்டை எழுத்துல போட்டிருக்கேனே!” என்று கத்தினேன்.

“அண்ணே, கண்ணு கீழ வர்றதுக்குள்ள கை அடிச்சிருதே” என்றார் தொலைபேசியில் அந்த மருந்தாளுநர்.

அன்று மாலையே அக்கா, கையேடு எழுதுபவர்களுக்கு ஒரு பக்க விதித்தாள் எழுதினார். தட்டச்சு செய்ய வேண்டியது மட்டும் சாம்பல் கட்டத்தில். திரையில் தெரிவதும், செய்யக் கூடாததும் கட்டத்துக்கு வெளியே. எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால், சாதாரணக் கறுப்பு எழுத்தில். இவ்வளவுதான்! இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்கள் இருநூற்றுப் பதினான்கு! பட்டியலுக்குப் புள்ளியா, கோடா என்று எழுபது பேர் எழுதினீர்கள். சாம்பலில் எந்தச் சாம்பல் என்று கேட்டார் ஒரு மகானுபாவர்! மூன்று முறை வாக்கெடுப்பு, மூன்று முறையும் தோல்வி. மூன்று முறையும் எதிர்த்து வாக்களித்த கைகளில் என் கையும் ஒன்று. சிவப்பைக் கைவிட மனமில்லை எனக்கு. உங்கள் மேல் வரும் அருவருப்பில் பாதி என் மேல்தான்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். மகள் வாசலிலேயே சொன்னாள்: “கடைசி வாரம் ஆஸ்பத்திரியில அம்மா கேட்டாங்க மாமா. ‘அந்தத் தாளுக்கு ஒத்துக்கிட்டாங்களாடி?’ன்னு. நான் ‘ஆமாம்மா, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க’ன்னு பொய் சொல்லிட்டேன்.”

கேட்டீர்களா? உங்களுக்காகவும் எனக்காகவும் அந்தப் பெண் தாயிடம் பொய் சொன்னாள். அது பொய்யாகவே இருக்கட்டுமா? சொல்லுங்கள்!

இரங்கல் தீர்மானம் வேண்டாம். மலர்வளையம் வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை, ஒரு புள்ளி திருத்தாமல், இந்த அரங்கை விட்டு வெளியேறும் முன் ஏற்றுக்கொள்ளுங்கள். எதிர்ப்பவர்கள் அவர் மகளின் முகத்தைப் பார்த்துக் கை தூக்குங்கள்.

நான் எழுதிய நூற்று நாற்பது பக்கங்களையும் அவர் விதிப்படி மாற்றுவேன். முதல் பக்கத்தை இன்று காலை மாற்றிவிட்டேன். எச்சரிக்கை மேலே போய்விட்டது. சிவப்பு போய்விட்டது. எனக்குப் பார்க்கவே சகிக்கவில்லை. அது அப்படியேதான் இருக்கும்.