பிஸ்கட் டின் கிராப்பு

ஜுவைரியா: …அந்த மூணாவது பார்லர்க்காரி என்ன சொன்னா தெரியுமா மகேஸ்வரி? "இந்தக் கிராப்பு வெட்டுறவுகள்லாம் இப்ப இல்ல பாட்டி"ன்னா. எனக்கு அம்பத்திரெண்டு வயசுதான்.

மகேஸ்வரி: அந்தப் புள்ளைக்கு இருவது இருக்கும். அதுக்கு நானும் பாட்டிதான்க்கா. அந்த மூடியக் குடுங்க, சன்னல் வெளிச்சத்துல பாப்போம்.

ஹாஃபிஸா: மைனி, நேரமாகுது. இன்னொரு நாள் வந்து வெட்டிக்கலாம்…

ஜுவைரியா: இன்னொரு நாளா? விடிஞ்சா ஒன் அண்ணன் வந்து எறங்கிருவாக. அதுக்குத்தானே ஏர்வாடியிலருந்து பஸ்ஸேறி இம்புட்டுத் தூரம் வந்துருக்கேன். நீயும்தான் ஒட்டிக்கிட்டு வந்த.

மகேஸ்வரி: மாப்பிள வர்றாகளா? சந்தோசம். எங்கருந்து?

ஜுவைரியா: சார்ஜாவுலருந்து. அங்கன ஒரு ஹோட்டல்ல சமையலு.

மகேஸ்வரி: அவுக பேரு என்னக்கா?

ஜுவைரியா: ஹாஃபிஸா, ஒன் அண்ணன் பேரச் சொல்லு.

ஹாஃபிஸா: …காதர் மைதீன்.

ஜுவைரியா: ஏன் தொண்டையில மீன்முள்ளு சிக்குன மாதிரி சொல்ற? கல்யாணமான மறுவருசம் அவுக கொண்டாந்த பிஸ்கட் டின்னு இது. பிஸ்கட்டு ஒரு வாரத்துல தீந்துருச்சு, டின்னுல ஊசி நூலு போட்டு வச்சுக்கிட்டேன். மூடியில இருக்க இந்தப் பொம்பளையக் காட்டி, ஒனக்கு இந்தக் கிராப்பு வெட்டுனா எடுப்பா இருக்கும் புள்ளன்னாக. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

மகேஸ்வரி: இது பழைய காலத்து பாப் கட்டிங்கு. காதுக்குக் கீழ நிக்கிது, நுனி உள்ள மடங்குது, நெத்தியில ஒரு வளைவு… முக்காட்ட எடுங்க. கதவச் சாத்திட்டேன், ஆம்பளக யாரும் மாடிக்கு வரமாட்டாக.

ஜுவைரியா: பாத்துட்டுச் சிரிக்கப்படாது.

மகேஸ்வரி: சிரிக்க என்ன இருக்கு… ஆத்தாடி. பூனை முடியால்ல இருக்கு, கைக்கே தட்டுப்படல.

ஜுவைரியா: அதப் பாத்துத்தான் எல்லாரும் பின்வாங்குறாளுக. கீழக்கரையில ஒருத்தி, அடுக்கடுக்கா வெட்டுனா அடர்த்தியாத் தெரியும்னா. இங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தி, சூடு வச்சு நீட்டிவிடுறேன்னா. ராமேஸ்வரத்துல பாருங்கன்னு இன்னொருத்தி. அங்கன மொட்ட போடத்தானே ஆளு கெடக்கு.

மகேஸ்வரி: இந்த முடியில அடுக்கு எடுத்தா இருக்கதும் போயிரும். ஒரே நேரா வெட்டணும். அடியில மட்டும் ரெண்டு நூலளவு குட்டையா எடுத்தா மேல உள்ளது தானா உள்ள மடங்கும். அப்பறம் ஈரத்தோட ரோலர் சுத்திக் காயவிட்டா, இந்த டின்னுல இருக்கது மாதிரியே நிக்கும்.

ஜுவைரியா: பாத்தியா ஹாஃபிஸா? தெரிஞ்ச ஆளு. இத எங்கன படிச்ச?

மகேஸ்வரி: ஊரு முதுகுளத்தூரு. ஆனா மெட்ராஸ்ல ஆறேழு வருசம் ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா பார்லர்ல இருந்தேன். அவுககிட்ட வர்றவுக எல்லாருக்கும் இந்த வெட்டுத்தான் வேணும்.

ஹாஃபிஸா: வெட்டுனா… எம்புட்டு நாளைக்கு இப்படியே நிக்கும்?

மகேஸ்வரி: தலைக்கு ஊத்துற வரைக்கும்.

ஜுவைரியா: நாளைக்கு நின்னாப் போதும்.

மகேஸ்வரி: அப்ப போயி அலசிட்டு வாங்க. நேரா உள்ள, பீச்சாங்கைப் பக்கம் பாத்ரூம். ஷாம்பு ரெண்டு தடவ போடுங்க, எண்ணெப் பிசுக்கு இருக்கப்படாது.

ஜுவைரியா: நேத்துலருந்து இது ஒண்ணுதான் எனக்கு வேல. அடுப்படிப் பக்கமே விடமாட்டேங்கிறாளுக. மத்தியானம் எதுத்த வீட்டு சுலைகா சோறாக்கிக் கொண்டாந்தா, ராத்திரிக்குப் பாக்கர் வீட்டு இடியாப்பம். மச்சான் வரப்போற நேரத்துல நீங்க அலுத்துக்கிறாதீகன்னு ஒரே உபசாரம்.

மகேஸ்வரி: குடுத்துவச்சவுகதான்க்கா நீங்க.

ஹாஃபிஸா: …அக்கம்பக்கத்து ஆளுக நல்லவுக. நீங்க போயிட்டு வாங்க மைனி.

ஜுவைரியா: போறேன், போறேன். வெரட்டாத.

ஹாஃபிஸா: …தண்ணிச் சத்தம் கேக்குதாக்கா?

மகேஸ்வரி: கேக்குது. ஏம்மா கேக்குற?

ஹாஃபிஸா: வெட்டாதீக. கரண்டு போயிருச்சு, கத்திரி மழுங்கிருச்சு, எதையாவது சொல்லி அனுப்பிருங்க.

மகேஸ்வரி: ஆசையா வந்துருக்கவுகள…

ஹாஃபிஸா: எங்க அண்ணன் மௌத்தாப் போயிட்டாக.

மகேஸ்வரி: …என்னம்மா சொல்ற?

ஹாஃபிஸா: நெஞ்சு வலி. சமையக்கட்டுலயே விழுந்துட்டாகளாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட நேரமில்ல. நாளைக்கு வர்றது பெட்டிதான். எங்க அக்கா மகன் ரிஃபாய், ஆம்புலன்சு புடிச்சுக்கிட்டுத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கான்.

மகேஸ்வரி: இந்தம்மாவுக்குத் தெரியாதா?

ஹாஃபிஸா: உடம்புக்கு முடியல, லீவு குடுத்து அனுப்புறாகன்னு சொல்லிவச்சிருக்கோம். பெட்டி வாசலுக்கு வர்றப்பச் சொல்லிக்கலாம்னு பெரியாளுக முடிவு பண்ணிட்டாக. மைனிக்குப் பிரஷர் வேற. யாராச்சும் பேசிருவாகன்னு போனக்கூட ரிப்பேருன்னு வாங்கி வச்சுட்டோம். எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். அவுக இப்படி டின்னு மூடியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புவாகன்னு யாரு கண்டா…

மகேஸ்வரி: பாவம்மா. வெட்டிக்கிட்டுப் போகட்டுமே.

ஹாஃபிஸா: எப்படிக்கா? புருசன் மௌத்தான நேரத்துலருந்து இத்தா. நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டப்படாது, சிங்காரிக்கப்படாது. இவுக பஸ்ஸேறி வந்து முடி அலங்காரம் பண்ணிக்கிறாக. தடுத்தா ஏன்னு கேப்பாக. தடுக்காமப் பாத்துக்கிட்டு உக்காந்தா, நாந்தானே பாவத்துக்குத் துணை போறேன்?

மகேஸ்வரி: தெரியாமச் செய்யிறது பாவமாகுமா?

ஹாஃபிஸா: பள்ளிவாசல் ஆலிம்சாட்ட ஆளனுப்பிக் கேட்டேன். தெரியாத வரைக்கும் அவுக மேல குத்தமில்லன்னுதான் சொன்னாரு…

மகேஸ்வரி: பெறகென்ன? எங்க பக்கம் தாலி அறுக்குற அன்னிக்கு, முதல்ல தலை நெறையப் பூ வச்சு, கை நெறைய வளையல் போட்டு உக்காத்தி வைப்பாக. அப்பறந்தான் ஒண்ணொண்ணா எடுப்பாக. எங்கம்மாவுக்குப் பாத்துருக்கேன். பூவே வைக்காமப் புடுங்கக் கூடாதும்மா.

ஹாஃபிஸா: …தண்ணி நின்னுருச்சு.

மகேஸ்வரி: கண்ணத் தொடச்சுக்கம்மா. வாங்கக்கா, இந்தச் சேர்ல உக்காருங்க. குனியாதீக, நேராப் பாருங்க.

ஜுவைரியா: என்ன ரெண்டு பேரும் கமுக்கமா இருக்கீக? என்னையப் பத்திப் பேசுனீகளா?

மகேஸ்வரி: ஒங்க மாப்பிள குடுத்துவச்சவருன்னு பேசுனோம்.

ஜுவைரியா: ஆமா, ரொம்பக் குடுத்து வச்சாரு. முப்பது வருசமா ஒவ்வொரு லீவுக்கும் கேப்பாக, அந்தக் கிராப்பு வெட்டுனியா புள்ளன்னு. ஊரு சிரிக்கும்பேன். முக்காட்டுக்குள்ள இருக்க முடிய ஊரு எங்குட்டுப் பாக்கப் போகுதும்பாக. அப்பயும் மாட்டேன்னே சொல்லிருவேன்.

மகேஸ்வரி: தலைய ஆட்டாதீக.

ஜுவைரியா: போன வாரம் பேசுறப்பயும் அதேதான். இந்தத் தடவையாச்சும் வெட்டி வையி, நான் பாக்கணும்னாக. போங்க கெழவரேன்னு போன வச்சுட்டேன்… ஹாஃபிஸா, ஏன் மூக்க உறிஞ்சுற?

ஹாஃபிஸா: கண்ணுல முடி விழுந்துருச்சு மைனி.

ஜுவைரியா: வெட்டுறது என் தலையில. நீ கதவுகிட்ட உக்காந்துருக்க. அங்கன எப்படி வந்து விழுந்துச்சு?

ஹாஃபிஸா: …ஃபேன் காத்துல.

ஜுவைரியா: இருக்கும், இருக்கும். பூனை முடில்ல, பறக்கத்தான் செய்யும்.

மகேஸ்வரி: ரோலர் மாட்டுறேன், கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கங்க.

ஜுவைரியா: இழுக்கட்டும்.

மகேஸ்வரி: …காஞ்சிருச்சு. எடுத்துட்டேன். இந்தாங்க கண்ணாடி. மூடியவும் பக்கத்துல வச்சுப் பாத்துக்கங்க.

ஜுவைரியா: மூடிய இன்னும் கிட்டக் காட்டும்மா.

மகேஸ்வரி: புடிக்கலையாக்கா?

ஜுவைரியா: அந்தப் பொம்பளையேதான். நரை மட்டும் என்னோடது.

ஹாஃபிஸா: நல்லாருக்கு மைனி. ரொம்ப… நல்லாருக்கு.

மகேஸ்வரி: கீழ கெடக்குறதக் கூட்டிரட்டுமா?

ஜுவைரியா: கூட்டித் தள்ளிறாதம்மா. நாங்க மண்ணுல பொதைக்கிறது வழக்கம். ஒரு துணியில முடிஞ்சு குடு.

ஹாஃபிஸா: எங்கிட்டக் குடுங்கக்கா. வீட்டுக்குப் போனதும் முருங்க மரத்தடியில நானே பொதச்சிர்றேன்.

ஜுவைரியா: அங்கன வேணாம். நாளைக்குக் காதர் மைதீனுக்குக் கபர் தோண்டுவாகல்ல, அந்த மண்ணோட போடச் சொல்லி ரிஃபாய்கிட்டக் குடு.

ஹாஃபிஸா: மைனி…

மகேஸ்வரி: யக்கா… ஒங்களுக்கு யாரு சொன்னது?

ஜுவைரியா: யாரும் சொல்லல. சுலைகா சோத்து வாளிய வச்சுட்டு எம்மூஞ்சியப் பாக்காமத் திரும்பிப் போனா. மௌத்தான வீட்டுல அடுப்பெரியப்படாதுன்னு இந்தக் கையால எத்தன வீட்டுக்கு நான் சோறு தூக்கிப் போயிருக்கேன்? சொல்ல மறந்துட்டீக, சோறு குடுக்க மறக்கல.

ஹாஃபிஸா: தெரிஞ்சேவா வந்தீக? தெரியாட்டித்தான் குத்தமில்லன்னாரு ஆலிம்சா… இத்தாவுல இருந்துக்கிட்டு… பாவமாச்சே மைனி.

ஜுவைரியா: பாவந்தான். என் கணக்குலயே இருக்கட்டும், ஒனக்கு அதுல பங்கில்ல, அழுகாத. நீங்க வாய் தொறந்து சொல்லிட்டா உள்ள உக்காத்தி வச்சிருவீக, அதான் தெரியாத மாதிரியே இருந்தேன். ஊருக்குப் பயந்து முப்பது வருசம் அந்த மனுசனுக்கு மாட்டேன்னு சொன்னவ நான். முக்காட்ட எடுத்துக் குடு, போவோம். நாளைக்கு மொகம் பாக்க என்னையக் கூப்புடுறப்ப எல்லாரையும் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லு ஹாஃபிஸா. அவுக முன்னால நான் முக்காட்ட எடுக்கணும்.