பதினாலாம் நம்பர் பஸ்

— அசையாதீங்கப்பா. காது போயிடும்.

— போனா போகட்டும். ஏற்கெனவே பாதிதான் கேக்குது.

— வேண்டாததுதான் உங்களுக்குக் கேக்காது. 'டீ'ன்னு முணுமுணுத்தா மாடியில இருந்து இறங்கி வந்துடுவீங்க.

— இது துணி வெட்டுற கத்திரிதானே?

— ஐயோ, கடைக் கத்திரியை உங்க தலைக்கு எடுப்பேனா? முனை மழுங்கிடும். இது புதுசு.

— ஆறு நாளும் ஊர்ல இருக்கிறவங்க பேன்ட்டைக் குட்டையாக்குற. ஏழாவது நாள் நான் மாட்டினேன்.

— குனிங்க. இன்னும் கொஞ்சம். ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுல இருந்து ஒரு தடவைகூட வெட்டல. கழுத்துல பாருங்க, சுருண்டுக்கிட்டு நிக்குது.

— சரி, இப்போ விஷயத்தைச் சொல்லு.

— என்ன விஷயம்?

— சமையலறை நாற்காலியில உட்கார வெச்சு, பெட்ஷீட்டைச் சுத்திக் கட்டி, கதவையும் சாத்தியாச்சு. எழுந்து ஓட முடியாத மாதிரி.

— முடி பறக்கும்னு சாத்தினேன்பா.

— முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். பின்னாடி நிக்கிறவங்க மூச்சு விடுறதை வெச்சே சொல்லுவேன், அடுத்த ஸ்டாப்ல இறங்கப் போறாங்களான்னு.

— சரி. நல்ல சேதி முதல்ல. உங்க பெரிய பேரன்...

— வேலையை விட்டுட்டானா?

— நல்ல சேதின்னு சொல்றேன்ல! அவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா. நாலாவது மாசம்.

— அடி... நாலு மாசமா வாயைத் திறக்கல பாரு, திருட்டுப் பய.

— மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தாங்களாம். தலையை ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க... போச்சு. இந்தப் பக்கம் படிக்கட்டு ஆயிடுச்சு.

— இருக்கட்டும். கொள்ளுத்தாத்தா தலையில படிக்கட்டு இருந்தா என்ன, லிப்ட்டே இருந்தா என்ன... உங்க அம்மா இருந்திருந்தா இந்நேரம் தெருவுல எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியிருப்பா.

— தட்டியிருப்பாங்க.

— ம்... சரி. இன்னொன்னு என்ன?

— இன்னொன்னா?

— 'முதல்ல'ன்னு சொன்ன.

— சின்னவ நாளைக்கு வர்றாப்பா.

— பரீட்சை இருக்குன்னாளே?

— இருக்கு. இருந்தாலும் வர்றா. அவ வந்து உங்க முன்னாடி நின்னா முகத்துலயே எல்லாம் தெரிஞ்சிடும். அதுக்குள்ள நானே சொல்லிடலாம்னு...

— யாரையாவது கட்டிக்கப் போறாளா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பையன் நல்லவனா இருந்தா...

— அது இல்லப்பா. அவ வெளிநாட்டுல படிக்கிற இடத்துல ஹாஸ்டலை விட்டுட்டு ஒரு வீட்டு மாடியில வாடகைக்குப் போனா இல்ல, ஆறு மாசம் முன்னாடி. அந்த வீட்டுக்காரம்மாவோட அப்பா கீழ் அறையில இருந்தாரு.

— இருந்தாருன்னா?

— குறுக்கப் பேசாதீங்க. அந்தப் பெரியவர் இவளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பொண்ணு, உங்க தாத்தா என்ன வேலை பார்த்தாருன்னு துருவித் துருவிக் கேட்டிருக்காரு. இவதான் உங்க ரசிகையாச்சே. சண்டைக் காலத்துல எங்க தாத்தா எழுபது பேரைப் பஸ்ல ஏத்திக்கிட்டு வந்தாரு, பதினாலாம் நம்பர் பஸ், கதவு உடைஞ்சு போய்க் கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு... மூச்சு விடாமச் சொல்லியிருக்கா.

— எல்லார்கிட்டயும் அதைச் சொல்லணுமா அவ? எத்தனை தடவை சொல்றது, வேண்டாம்னு.

— அவர் சாப்பிட்டுட்டு இருந்த ஸ்பூனைக் கீழ வெச்சுட்டாராம். வெச்சுட்டு, 'பச்சைக் கயிறு'ன்னாராம். கயிறு என்ன நிறம்னு எங்க யாருக்கும் நீங்க சொன்னதே இல்லையேப்பா.

— கத்திரியைக் கீழ வை.

— வெச்சுட்டேன்.

— யாரு அந்த ஆளு?

— நான் ஒண்ணு கேக்குறேன், முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னிக்கு டிப்போவுல இருந்து உங்களுக்குப் பின்னாடி எத்தனை பஸ் கிளம்புச்சு?

— ஒண்ணு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன். என் தம்பி அந்த பஸ்ல ஏறினான். அது வந்து சேரல.

— பதினாலுதான் கடைசின்னாரு அவர்.

— ...

— அப்பா, தண்ணி வேணுமா?

— தண்ணியா... தண்ணிதாம்மா. அன்னிக்கும் தண்ணிதான்.

— புரியலப்பா.

— பின்னாடி பஸ் இல்ல. எந்த பஸ்ஸும் இல்ல. எல்லாம் காலையிலேயே போயிடுச்சு. என் வண்டி மட்டும்தான் நின்னுச்சு, ரேடியேட்டர் ஒழுகுதுன்னு. பாட்டி, அதான் என் அம்மா, கடைசி சீட்டுல உட்கார்ந்திருந்தாங்க. உள்ள நிக்கக்கூட இடம் இல்ல. நான் தம்பியைக் கூப்பிட்டு, வாளி குடுத்து, டிப்போ பின்னாடி குழாயில தண்ணி பிடிச்சுட்டு வாடான்னு அனுப்பினேன்.

— நீங்கதான் அனுப்பினீங்களா...

— நான்தான். பதினஞ்சு வயசு. வாய் ஓயாது அவனுக்கு. வாலுன்னுதான் டிப்போவுல எல்லாரும் கூப்பிடுவாங்க. 'அண்ணே, திரும்பி வந்தா ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவியா'ன்னு பேரம் பேசிட்டுத்தான் வாளியை வாங்கினான்.

— விடுறேன்னு சொன்னீங்களா?

— போய்த் தொலைடான்னேன். அப்போதான் ஷெல் குண்டு வந்து விழுந்துச்சு. டயர் கிடங்கு மேல. கூரையே மேல எழும்பி வந்துச்சும்மா, மெதுவா, பெட்ஷீட்டை உதறின மாதிரி. உள்ள இருந்த அத்தனை பேரும் ஒரே குரல்ல கத்துறாங்க, 'எடு, எடு'ன்னு. ஒரு ஆளு என் தோளைப் போட்டுக் குத்துறான். என் கால் தானா...

— நீங்க அழுத்தலப்பா. பயத்துல...

— கால் என்னுதுதானே? வேற யாரு காலு? கியர் போட்டேன், வண்டி நகர்ந்துச்சு. கேட்டைத் தாண்டுறப்போ கண்ணாடியில பார்த்தேன்.

— அப்பா, போதும். நெஞ்சு படபடக்குதா? மாத்திரை எடுக்கவா?

— ஓடி வந்தாம்மா. வாளியோட ஓடி வந்தான். ஒரு கையால வாளியைப் பிடிச்சு, இன்னொரு கையை அது மேல வெச்சு மூடிக்கிட்டு... தண்ணி சிந்தக் கூடாதுன்னு. வாளியைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்திருந்தா எட்டிப் பிடிச்சிருப்பான். நான் கேட்ட தண்ணியாச்சே, விடல அவன்.

— நீங்க நிறுத்தியிருந்தா எழுபது பேரும்...

— நிறுத்தியிருந்தா அரை நிமிஷம். அதுதாம்மா கணக்கு. ஆறு கிலோமீட்டர் தாண்டி இன்ஜின் கொதிச்சு நின்னுபோச்சு. தண்ணி இல்லாம. ரோட்டு ஓரத்துல ரெண்டு மணி நேரம் நின்னோம். அரை நிமிஷம் நிக்காதவன் ரெண்டு மணி நேரம் நின்னேன். நடந்து திரும்பிப் போயிருக்கலாம். போகல.

— பாட்டி?

— தம்பி எங்கடான்னாங்க. பின்னாடி பஸ்ல வர்றான்னேன். அப்புறம் அதையே எல்லாருக்கும் சொல்லிட்டேன். உங்க அம்மாவுக்கும் அதான், உனக்கும் அதான். சொல்லிச் சொல்லி, சில நாள் அந்த பஸ்ஸை நானே பார்த்த மாதிரி இருக்கும். சிவப்பு பஸ்.

— அப்பா... சித்தப்பா சாகலப்பா அன்னிக்கு.

— ...

— கேட்டீங்களா?

— ம்.

— டிப்போவுல வண்டிக்கு அடியில நின்னு ரிப்பேர் பார்க்கிற பள்ளத்துக்குள்ள ஆறு நாள் கிடந்தாராம். அந்த வாளித் தண்ணிதான் அவரை உயிரோட வெச்சுச்சாம். அப்புறம் யாரோ ஒரு குடும்பம் கூட்டிக்கிட்டுப் போய், எல்லை தாண்டி, முகாம்ல வளர்ந்து... தச்சு வேலை கத்துக்கிட்டாராம். கதவு, ஜன்னல் செய்யுறதுல பெரிய கெட்டிக்காரராம். அந்த ஊர் ஸ்கூல் கதவு எல்லாம் அவர் செஞ்சதுதானாம்.

— கல்யாணம்...

— ஆச்சு. ஒரே பொண்ணு, அந்த வீட்டுக்காரம்மாதான். எனக்குத் தங்கச்சி முறை. உங்க மூக்குப்பா அவளுக்கு, பாவம்.

— உனக்கு எப்போ தெரியும் இது?

— சின்னவ அங்க போன வாரமே.

— ஆறு மாசம்.

— அடுத்த வாரமே நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டீங்க. டாக்டர் நல்லது கெட்டது எதையும் திடுக்குனு சொல்லாதீங்கன்னாரு. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சித்தப்பாவே வேண்டாம்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பூட்டின கடைக்குள்ள உட்கார்ந்து அவர்கூடப் பேசுவேன். 'நீ ஒண்ணும் சொல்லாதம்மா, விசா கிடைக்கட்டும், நானே வந்து கதவைத் தட்டுறேன், அண்ணன் முகத்தை நான் பார்க்கணும்'னு சின்னப் பிள்ளை மாதிரி அடம். எனக்கும் அது பிடிச்சிருந்துச்சுப்பா. நானும் சேர்ந்து விளையாடிட்டேன்.

— வர்றானா?

— ...

— எப்போ வர்றான்னு கேக்குறேன்.

— அடுத்த வெள்ளிக்கிழமைக்குத்தான்பா டிக்கெட் போட்டிருந்தாரு.

— போட்டிருந்தாரு.

— ஒன்பது நாள் ஆச்சுப்பா. பட்டறையில பலகையை எடுக்கக் குனிஞ்சவரு, அப்படியே... வலி ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. எல்லாம் முடிச்சுட்டுத்தான் சின்னவ கிளம்பி வர்றா. திட்டுங்கப்பா. ஏதாவது சொல்லுங்க. ஆறு மாசம் இருந்துச்சு என் கையில. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே போனை உங்க காதுல வெச்சிருக்கலாம். நல்ல நாள் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு இருந்தேன், இப்போ வேண்டாம், அடுத்த வாரம், அடுத்த வாரம்னு. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. தைக்கிற துணியெல்லாம் தப்பா வெட்டுறேன்...

— அழாதம்மா. பெட்ஷீட்டை அவுத்து விடு முதல்ல. கழுத்து இறுக்குது.

— இந்தாங்க. கையைத் தூக்குங்க... மெதுவா.

— என்னைப் பத்தி என்ன சொன்னான்?

— நல்லதுதான்பா சொன்னாரு. எப்பவும் ஒரே கதைதான். 'நான் குழாயடியில லேட் பண்ணிட்டேன், தண்ணி மெதுவா வந்துச்சு, அண்ணனுக்கு வேற வழியில்ல'ன்னு. ஒரு நாள் நான் கேட்டேன், உங்களுக்குக் கோபமே வரலையான்னு. சிரிச்சாரு. 'அண்ணன் என்னைப் பார்க்கலம்மா, பார்த்திருந்தா எமனே வந்தாலும் நிறுத்தியிருப்பாரு'ன்னாரு.

— அப்படியா சொன்னான்.

— அப்படித்தான்பா சொன்னாரு.

— அதை நினைச்சுக்கிட்டே போயிட்டானா...

— ஆமாப்பா. நிம்மதியாத்தான் போயிருக்காரு.

— அவ்வளவு நீளமா ஒரு வார்த்தையை எப்படிச் சொல்லி முடிச்சான்? கடைசி வரைக்கும் அந்தத் திக்கல் விடலையா அவனை?

— விடலப்பா. சில நாள் 'அண்ணன்'னு சொல்லவே அரை நிமிஷம் ஆகும். நாங்க காத்துக்கிட்டு இருப்போம்... அப்பா.

— ம்.

— சின்ன வயசுல சித்தப்பாவுக்கு வாய் ஓயாதுன்னு இப்போதான சொன்னீங்க?

— ஓயாது.

— அந்தத் திக்கல் பள்ளத்துல இருந்து வெளிய வந்த அப்புறம்தான் ஆரம்பிச்சுச்சாம். அவர் பொண்ணு சொன்னா. நீங்க பார்த்தப்போ அவருக்குத் திக்கவே இல்லையேப்பா. நான் இன்னும் அதைச் சொல்லவே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா, என்னைப் பாருங்க.

— பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா. நீ கடைக்குப் போயிருந்த. போன் அடிச்சுச்சு. எடுத்தேன். 'அ... அ...'ன்னு ஒரு குரல், அதுக்கு மேல வரல. நம்பர் எப்படிக் கிடைச்சதோ, யாருன்னு கேக்கவே தேவையில்லாமப் போச்சு எனக்கு. அவன் அந்த வார்த்தையை முடிக்கிறதுக்குள்ள, ராங் நம்பர்னு சொல்லிட்டேன். கண்ணாடியில என்னைப் பார்த்தியான்னு கேட்டுடுவானோன்னு பயம்மா, வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் 'மன்னிச்சுக்குங்க ஐயா'ன்னு வெச்சுட்டான். அது மட்டும் திக்காம வந்துச்சு.