இரண்டு தயாளன்களும் ஒரு காயமும்

சாட்சியின் பெயர் ஜென்சி. தந்தை பெயர் தயாளன், முன்னாள் படைவீரர். வயது 28. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நூலக உதவியாளர். இருப்பிடம் செம்பாக்கம், ஏரிக்கரைத் தெரு, மாடி வீடு. என் தந்தையின் பணி ஆவணத்தைத் திருத்தக் கோரும் மனுவின் மேல் விசாரணை அதிகாரி கேட்க, நான் தமிழில் சொன்னது கீழே எழுதப்பட்டது.

நான் மேற்படி வீட்டில் என் தந்தையுடன் வசித்து வருகிறேன். தாயார் பியூலா ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமானார். என் தந்தை தரைப்படையில் பதினேழு ஆண்டுகள் சிப்பாயாக இருந்தார். 1988ஆம் ஆண்டு இலங்கையின் வடபகுதிக்குப் போன படையில் அவரும் போனார். அங்கே ஒரு பனந்தோப்பில் நடந்த சண்டையில் அவருடைய இடது தொடையின் பின்புறம் குண்டுச் சிதறல் பாய்ந்தது என்பது எங்கள் மனு. அவருடைய பணி ஆவணத்தில் அந்தத் தேதிக்கு நேரே மலேரியாக் காய்ச்சல், இருபத்தொரு நாள் சிகிச்சை என்று மட்டும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பின் அவர் அதைத் திருத்தக் கோரி மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் ஆவணத்தின்படி காயம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய படைப்பிரிவினர் ஆண்டுக்கு ஒருமுறை சேலையூரில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். சண்டையில் காயம்பட்டவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்துவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது என்னையும் கூட்டிச் சென்றார். நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னா தயாளா, காய்ச்சல் எறங்கிச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் தந்தையும் சிரித்துவிட்டு எனக்கு அப்பளம் எடுத்து வைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து அவர் அங்கே போகவில்லை.

அதன் பிறகு காலில் வலி வரும்போதெல்லாம் அதைக் காய்ச்சல் என்றே சொல்ல ஆரம்பித்தார். எப்போதிலிருந்து என்று தேதி சொல்ல இயலாது. மதியம் சாப்பிட்டுப் படுத்திருப்பார். ஜன்னல் வழியாக ஏரியின் வெளிச்சம் வந்து கூரையில் அசைந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடியே இடது காலைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஜென்சி, காய்ச்சல் அடிக்குதா பாரு" என்பார். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். குளிர்ந்திருக்கும். "லேசா இருக்குப்பா" என்று சொல்வேன். அது உண்மையல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு அவர் தூங்கிவிடுவார். தூக்கத்தில் அவர் பேசியதில்லை. நான் பக்கத்தில் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பேன். பல மதியங்களில் ஒரு பக்கம்கூடத் திருப்பியதில்லை.

இந்த ஆண்டு ஜனவரியில் அவருடைய இடது பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் வினிதா என்ற பெண் வெளியே வந்து, "அங்கிள், தொடையில என்ன அடிபட்டுச்சு? உள்ள இரும்பு மாதிரி ஏதோ இருக்கே?" என்று கேட்டார். என் தந்தை, "ஒண்ணும் இல்லம்மா, காய்ச்சல்" என்றார். வினிதா என்னைப் பார்த்தார். நான் படத்தைக் கேட்டு வாங்கினேன். எலும்பை ஒட்டி நெல்மணி அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகளும், சற்றுத் தள்ளி உடைந்த பல்லைப் போல ஒன்றும் இருந்தன.

மருத்துவர் அவை நரம்பை அழுத்துவதாகவும் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் தந்தை, "எடுத்துட்டாங்கன்னா அப்புறம் எங்கிட்ட என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அதனால் அவர் பெயரில் நானே மறுபடியும் மனு எழுதினேன். சிதறல் உடலில் இருக்கும்போதே மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்றும், விசாரணை முடிந்து வாக்குமூலங்கள் கோப்பில் சேர்ந்தால்தான் குழு கூடும் என்றும் எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை வரும் புதன்கிழமை.

மனு அனுப்பிய பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் தேதியில் படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டேன். மார்ச் மாதம் நகல் வந்தது. அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தயாளன்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல். மற்றவருக்கு இடது தொடையில் குண்டுச் சிதறல். காய்ச்சலுக்கு நேரே இருந்தது என் தந்தையின் எண். நகலைக் காட்டியபோது அவர், "ஆமா, நாங்க ரெண்டு பேர். பேர் ஒண்ணுங்கறதால நம்பர்ல கடைசி மூணைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நான் ஐநூத்தி அறுபத்திரெண்டு. அவன் முந்நூத்திப் பதினெட்டு" என்றார்.

முந்நூற்றுப் பதினெட்டின் முகவரியை முன்னாள் வீரர்கள் சங்கத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கூடுவாஞ்சேரி போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்த இடத்தில் அவருடைய வீடு. என் தந்தையின் வயதுள்ள ஒருவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து கேட்டைத் திறந்தார். ஒரு கணம் என் வீட்டு வாசலிலேயே நிற்பதாக எனக்குத் தோன்றியது. நான் யார் என்று சொன்னதும், "அட, காய்ச்சல்காரன் பொண்ணா? உள்ள வாம்மா. நல்லாக் கீறானா?" என்றார். அவர் மனைவி லோகநாயகி கூடத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் கேட்காமலே அவர் தன் காயத்தைப் பற்றிச் சொன்னார். பனையோலை எரியும் வாசனை வந்தது, காலில் யாரோ வெந்நீர் ஊற்றியது போல இருந்தது, குனிந்து பார்த்தால் கம்பளி முழுக்க ரத்தம் என்றார். சொல்லும்போது அவர் கண்கள் மூடியிருந்தன. பிறகு ஹெலிகாப்டரில் ஏற்றியதைச் சொன்னார். "பக்கத்துல உங்கப்பன் கெடந்தான். பல்லு கிட்டுற மாதிரி நடுக்கம். பாவமா இருந்துச்சு. எழுந்து என் கம்பளிய எடுத்து அவன் மேல போத்திட்டு அவனுத நான் போத்திக்கினேன். அவனுது ஈரமா இருந்துச்சு."

நான், "பேர், நம்பர் எழுதின அட்டையை எங்க கட்டியிருந்தாங்க அங்கிள்?" என்று கேட்டேன்.

"அதுவா? கம்பளியிலதான் குத்தி வெச்சிருந்தாங்க" என்றார்.

கம்பளிகள் மாறியபோது அட்டைகளும் மாறியிருந்தன. லோகநாயகியின் கையில் கத்தி நின்றது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் போகும் ஓசை வெகுநேரம் கேட்டது. அது நின்ற பிறகு லோகநாயகி என்னிடம், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவருக்கு நான்தான் தைலம் தேய்க்கறேன். தழும்பு எங்க கீதுன்னு ஒரு தபா கேட்டேன். உள்ள கீது, உனக்குத் தெரியாதுன்னாரு. பட்டாளத்தாரு, நமக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்" என்றார். பிறகு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, குரலைத் தாழ்த்தி, "போலீஸ் கீலீஸ் வந்துடுமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எட்டு நாள் கழித்து முந்நூற்றுப் பதினெட்டு தொலைபேசியில் அழைத்து, "உங்கப்பனுக்கு எக்ஸ்ரே எங்கம்மா எடுத்தாங்க?" என்று கேட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு மனைவியுடன் அதே ஸ்கேன் சென்டருக்கு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அதே வினிதா படம் எடுத்தார். எடுத்துவிட்டு வந்து, "சூப்பரா இருக்கு அங்கிள், ஒண்ணுமே இல்ல. எலும்பெல்லாம் நல்லா இருக்கு" என்றார். அது நல்ல செய்தி என்றுதான் வினிதா நினைத்தார்.

முந்நூற்றுப் பதினெட்டு படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "திருப்பிக் காட்டும்மா" என்றார். வினிதா திருப்பிக் காட்டினார். அதன் பிறகு என் தந்தையின் படத்தைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே மேம்பாலத்தில் போன பேருந்துகளின் நிழல் படங்களின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் என் தந்தையின் படத்தில் அந்தப் பெரிய சில்லின் மேல் விரலை வைத்து, "இது எனக்குத் தெரியும்" என்றார். என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி உட்கார்ந்து, தன் எண்ணுக்கு நேரே உள்ள காயம் தன்னுடையதல்ல, ஐநூற்று அறுபத்திரண்டுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதமும் இரண்டு படங்களும் மனுவுடன் உள்ளன.

பிறகு அவர் எழுந்து கேட்டை நோக்கி நடந்தார். கால் இழுக்கவில்லை. பதின்மூன்று அடி நேராக நடந்தார், நான் எண்ணினேன். பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த லோகநாயகி பழக்கத்தில், "பாத்து, மெதுவா" என்று குரல் கொடுத்தார். உடனே அவருடைய இடது கால் மறுபடியும் இழுக்கத் தொடங்கியது. அப்படியே சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள். அவர் முகம் வலியில் சுருங்கியதைப் பார்த்தேன்.

அன்று மதியம் எல்லாவற்றையும் என் தந்தையிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் எனக்குப் போத்திவிட்டவன்மா. அவனைப் பொய்க்காரன்னு எழுதித்தான் எனக்குத் தருவாங்கன்னா, எனக்கு அந்தப் பேப்பரே வேணாம்" என்றார்.

இன்று விசாரணை அதிகாரி என்னிடம், முந்நூற்றுப் பதினெட்டு இத்தனை ஆண்டுகள் தெரிந்தே பொய்யான காயத்தைத் தனதென்று சொல்லிச் சலுகைகள் பெற்றாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அது என் அபிப்பிராயம், சாட்சி தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்ய இயலாது, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று எழுதிக்கொள்வதாக அதிகாரி சொன்னார். பதில் இல்லை என்று இருந்தால் நான் கையெழுத்திட மாட்டேன் என்றேன். இன்று கையெழுத்தாகாவிட்டால் புதன்கிழமைக்குள் மருத்துவக் குழு கூட முடியாது, அது உங்களுக்குத் தெரியுமல்லவா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் எடுக்கவில்லை. அவர் எழுந்து வெளியே போய், சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்து, "சரிம்மா, அபிப்பிராயம் வேணாம். கண்ணால என்ன பாத்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். என் கோரிக்கையின் பேரில் அது என் சொற்களிலேயே இங்கு சேர்க்கப்படுகிறது:

முந்நூற்றுப் பதினெட்டு என்ற தயாளனின் தொடையில் காயம் இல்லை. அவருக்கு வலிக்கிறது. இரண்டையும் நான் பார்த்தேன்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. நான் அறிந்தவரை இதில் பொய் ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
த. ஜென்சி