கயிறு பிடித்த எதிர்வீரன்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ஞானபாய் அம்மையார் அவர்களே! வேதத்தோடு தமிழையும் எனக்கு ஊட்டிய மூத்தோரே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மாரே! இந்தக் கிழவர் எப்போது முடிப்பார் என்று முன்வரிசையில் காத்திருக்கும் சிறுவர் சேனையே! தூத்துக்குடிக் கடலைச் சாட்சி வைத்து உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் தங்கை ஹில்டாவின் கணவர் பெனிஸ்டன் வரைந்த முத்துவீரன் படக்கதையின் இரண்டாம் பாகத்தை வெளியிட வந்திருக்கிறேன். முத்துவீரன் ஆழ்கடலில் மூழ்கி முத்தெடுப்பவன். அவனுடைய பகைவன் யார்? நீரில் விழுந்த அவன் பிம்பமே எழுந்து எதிர்வீரன் ஆயிற்று. அதே முகம், அதே தோள். ஆனால் அத்தனையும் தலைகீழ்! முத்தை வீசிவிட்டுச் சிப்பியைப் பூட்டி வைப்பான். வரும்போது விடைபெறுவான், போகும்போது வணக்கம் சொல்வான். இழு என்றால் விடுவான். விடு என்றால் இழுப்பான்.

பெரியோரே, அந்த எதிர்வீரன் நான்தான்!

"மூக்குக் கண்ணாடியப் பாத்தப்பவே நெனச்சேன், அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து பேச்சிமுத்து குரல் கொடுக்கிறார். சிரியும் ஐயா, சிரியும்! படத்தில் அவன் மூக்கு நுனியில் தொங்குவது என் கண்ணாடியேதான்.

முப்பதாண்டுத் தமிழாசிரியன் நான். ஆண்டவர் பேரில் ஐந்நூறு வெண்பாப் பாடினேன். படித்தவர் கை தூக்குங்கள்! தலைவர் தூக்குகிறார்; நன்றி அம்மா, அச்சுக்கு முன் பிழை பார்த்தவர் நீங்கள். முத்துவீரனோ? நாசரேத் முதல் தருவைகுளம் வரை பிள்ளைகள் வாயில் அவன் வசனம்! தங்கை வீட்டு வாசலில் கையொப்பத்துக்கு நிற்கும் கூட்டம், "தாத்தா, கொஞ்சம் வெலகுங்க" என்று என்னை ஒதுக்கும். துதி பாடிய நாவில் கசப்பு ஊறியது. ஜெபத்தில் முழங்கால் மடங்கியது; மனம் மடங்கவில்லை. பொறாமை, ஐயா, பொறாமை!

இக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. முத்துக்குளிப்பவன் தன் உயிர்க்கயிற்றைத் தோணியில் யார் கையில் கொடுப்பான்? மனைவியின் உடன்பிறந்தான் கையில்! தங்கை கைம்மை அடைய எந்த அண்ணன் கயிற்றை நழுவ விடுவான்? அந்த வழக்கப்படியே பெனிஸ்டன் இந்த இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் படியை என்னிடம் தந்தார். "பெழை திருத்திக் குடுங்க அத்தான். நீங்க பாக்காம அச்சுக்குப் போவாது."

நான் என்ன செய்தேன்? பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று முறை கேட்டார். "கண்ணில் நோவு" என்று, ஆண்டவரை மறுதலித்த பேதுருவைப் போல, மூன்று முறை பொய் சொன்னேன், சேவல்தான் கூவவில்லை. பதினொரு மாதம்! பதிப்பகத்தார் கைவிடப்போகிறார்கள் என்று ஹில்டா அழுதாள். அப்போதும் நான் அசையவில்லை.

நான்காம் முறை வந்தவர் சொன்னார்: "வேண்டாம் அத்தான், திருத்தாதீங்க. ஏரல் வாத்தியாரு ஒருத்தர்ட்ட குடுத்துக்கிடுதேன்."

ஏரல் வாத்தியாரா? நான் இருக்க இன்னொருவரா? இரண்டே நாளில் முந்நூறு பிழை களைந்து முடித்தேன்!

அன்று கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. இன்று காலை அச்சில் கண்டேன். கடலடியில் முத்துவீரன் மூச்சுக்குத் தவிக்கிறான். மேலே கயிறு எதிர்வீரன் கையில். ஒருமுறை சுண்டினால் இழு. இருமுறை சுண்டினால் விடு. வீரன் இருமுறை சுண்டினான். விடச் சொன்னானே என்ற வீம்பில் எதிர்வீரன் இழுத்தான், வீரன் பிழைத்தான்! இப்படியொரு முடிவு எனக்குத் தோன்றவில்லையே என்று மறுபடியும் பொறாமை!

மாப்பிள்ளை, ஏரல் வாத்தியார் என்று ஒருவர் உண்டா?

"இல்ல அத்தான். ஏரல்ல எனக்கு ஒரு வெத்தலக்கடைக்காரரத் தவிர யாரையும் தெரியாது."

கேட்டீர்களா? என் கோணலை அறிந்தார். அறிந்தும் கயிற்றை என் கையிலிருந்து பறிக்கவில்லை. அந்தக் கோணலைக் கொண்டே என்னை நன்மை செய்ய வைத்தார். ஆனால் எனக்கு அது போதுமா? ஒருமுறையேனும் நேராக இழுக்க வேண்டாமா? மாப்பிள்ளை, நோவு கண்ணில் இல்லை, மனத்தில் இருந்தது. மன்னியுங்கள். இப்போது நேராகக் கேளுங்கள், தருகிறேன்.

"குடுங்க, அத்தான்."

இதோ, முதற்பிரதி! ஏளா ஹில்டா, நீ ஏன் இப்ப அழுத?

செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. போகும்போது வணக்கம் சொல்பவன் எதிர்வீரன் என்றேன். நான் இன்னும் முழுதும் திருந்தவில்லை போலும்: வணக்கம்!