ராட்சசனுக்கு அழுதவர்

சேத்தியாத்தோப்பு பஸ். நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடித்த இரண்டு பேர் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"நேத்து அந்த ராட்சசன் செத்ததுக்கு அழுதுட்டேன் மாமா."

"சின்ன வயசுல இருந்து படிக்கிற மாயக்கதை. இப்பதான் அழுகை வந்துச்சா?"

"அதுக்கு ஒரு வாத்தியார் விளக்கம் எழுதியிருக்காரு. ரெண்டையும் பக்கத்துல வெச்சிக்கினு படிச்சேன். இளவரசன் ரத்தினத்துக்காகத் தோண்டுன மலைதான் ராட்சசனோட வூடு. கதையிலயே இருக்குது. நான்தான் இத்தினி நாளும் இளவரசன் பக்கமே நின்னுட்டேன்."

"உங்கப்பா மைன்ஸுக்கு நிலத்தைக் குடுக்கல, அதனால உனக்கு வேலை பெர்மனென்ட் ஆவல. அதுக்கு அவரோட பேச்சையே விட்டவன், ராட்சசனுக்கு அழுவுறியா?"



குவார்ட்டர்ஸ் ஸ்டாப்பில் மாமா எழுந்தார். "எறங்குடா."

"நீங்க போங்க மாமா. நான் ஊருக்குப் போறேன்."

"நிலத்தைக் கேக்கவா?"

"இல்ல. ஏன் குடுக்கலன்னு அவர நான் கேட்டதே இல்ல."