அறுக்காமல் விட்ட ஃபோர்க்

உங்கள் கான்ஸ்டபிள் அந்த நீல சைக்கிளை வராந்தா சுவரில் சாய்த்தபோது செயின் இருக்கிற பக்கம் சுவரில் உரசும்படி சாய்த்துவிட்டார். பெரிய தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். செயின் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். முடிந்தால் அப்புறம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்பெக்டர் சார், தமிழிலேயே சொல்லலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. டில்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் என் இந்தி கறிகாய் பேரம் பேசுவதற்குத்தான் லாயக்கு. போன தடவை உங்கள் ஹெட் கான்ஸ்டபிளிடம், "பழைய இரும்பு, உடைந்துவிட்டது" என்று சொல்லத்தான் முடிந்தது. அவரும் அதையே எழுதிக்கொண்டார். அது பொய்யும் இல்லை.

என் பெயர் ஜம்புநாதன். மத்திய சர்க்காரில் அசிஸ்டெண்ட். கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். குழந்தை கிடையாது. மனைவி அனந்தலக்ஷ்மி இப்போது கரோல் பாகில் தன் அண்ணா ராஜகோபாலன் வீட்டில் இருக்கிறாள். அவர்தான் உங்களிடம் வந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை.

தேவநேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில்காரர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கரோல் பாகில் மூன்றாம் மாடியில் ஒரு பர்ஸாத்தியில், அதாவது மொட்டை மாடி அறையில் குடியிருந்தார். மனைவி மார்கரெட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் இரண்டு பேருக்கும் சைக்கிள் பைத்தியம். மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் எதிரும் புதிருமான ஆட்கள். அவர் உரக்கச் சிரிப்பார், எதிர்ப்படுகிற எல்லோரையும் நின்று விசாரிப்பார். நான் அப்படியில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

அந்த வண்டியை அவர்தான் கொண்டுவந்தார். சாணக்கியபுரியில் ஒரு தூதரகத்துக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் இங்கிலாந்தில் செய்த பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. தேவநேசன் அதை வாங்கி, பஸ்ஸில் ஏற்ற விடாததால் தோளில் போட்டுக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார். "ஓய் ஜம்பு, இதுக்கு உயிர் இருக்கான்னு பாரும்" என்றார்.

இருந்தது. பெயிண்டைச் சுரண்டியபோது உள்ளே இருந்த வேலைப்பாடு தெரிந்தது. குழாய்கள் ஒன்றுசேரும் மூட்டுகளைக் கையால் ராவி, இலை மாதிரி மெல்லிசாக்கியிருந்தார்கள். குழாயை விரலால் சுண்டினால் வெண்கலக் கும்பா மாதிரி ஓசை வரும். மூன்று குளிர்காலம் அதில் உட்கார்ந்தேன். ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்ததும் பின் அறைக்குப் போய்விடுவேன். துருவை எடுத்தேன், சக்கரங்களின் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி நேராக்கினேன், ஒரிஜினல் நீலத்துக்குப் பொருத்தமான நீலம் கிடைக்கும்வரை கலந்து கலந்து பார்த்தேன். அந்தச் சக்கரங்களில் ரிம்மோடு ஒட்டுகிற மெல்லிய டயர்தான் போட முடியும். அது இந்தியாவில் கிடைக்காது. ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி ஒரு ஜோடி சம்பாதித்தேன்.

வண்டி அவருடையது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மூன்று மாடி தூக்க முடியாது என்பதால் என் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். எங்களுக்குள் ஒரே ஒரு ஏற்பாடு. ஸ்பானரை நான் மட்டும்தான் தொடுவேன். அவர் ஏறி ஓட்டுவதோடு சரி, ஒரு நட்டைக்கூடத் திருக மாட்டார். "நான் சவாரி, நீரு வைத்தியர்" என்பார்.

இரண்டாம் சனிக்கிழமை எனக்கும் லீவு, அவருக்கும் லீவு. காலையில் அவர் பஸ் பிடித்துக் கிட்வாய் நகர் வருவார். அவர் அந்த வண்டியில், நான் என்னுடைய லூதியானா வண்டியில். தௌலா குவான் வழியாக ரிட்ஜ் ரோட்டில் ஏறி, அந்தப் பக்கம் கரோல் பாகில் இறங்குவோம். இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வருஷக்கணக்காக அப்படி. சொன்னால் சாதாரணமாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் நான் மாதம் முழுவதும் உயிரோடு இருந்தேன்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து, தேவநேசனுக்கு ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வேலை கிடைத்தது. ஈஸ்டருக்குள் போக வேண்டும். இனிப்புப் பெட்டியோடு வந்து சொன்னார். நான் சந்தோஷம் என்று சொன்னேன். பிறகு அவர் பின் அறைக்குப் போய் வண்டியின் சீட்டைத் தட்டினார்.

"இதுல பின்னாடி ஒரு கேரியர் வச்சிரும் ஓய். ஹாண்டில்பாரையும் நேரா மாத்திரும். குனிஞ்சுக்கிட்டு ஊருக்குள்ள போனா பிள்ளையள்லாம் சிரிக்கும். மார்கரெட்ட பின்னால வச்சுக்கிட்டு கோயிலுக்குப் போணும், கேட்டீரா."

"கேரியருக்கு ஃபிரேம்ல ஓட்டை போடணுமே" என்றேன்.

"போடும். வண்டி ஓடுறதுக்குத்தானவே, கும்பிடுறதுக்கா?"

அனந்தலக்ஷ்மிகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் குழாய்கள் எவ்வளவு மெல்லியவை என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதில் டிரில் வைப்பது குழந்தையின் காதில் ஆணி வைப்பது மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது, ஒரு சண்டையோடு போயிருக்கும். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "போட்டுடலாம், இந்த ரெண்டாம் சனிக்கிழமை மட்டும் கடைசியா இப்படியே ஓட்டிட்டு வந்துடுவோம்" என்றேன். அவர் என் தோளில் கை போட்டு, அதுவும் சரிதான் என்றார்.

இனி ஃபோர்க்கைப் பற்றி. முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு கால், அதன் தலையிலிருந்து ஒரு தண்டு. அந்தத் தண்டு ஃபிரேமின் கழுத்துக்குள் ஏறி ஹாண்டில்பாரோடு சேரும். தண்டு வெளியே தெரியாது, கழற்றினால்தான் பார்க்கலாம். ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் உதிரி சாமானுக்காக அதே அளவில் ஒரு மோதின ரேஸ் வண்டியை வாங்கியிருந்தேன். அதன் ஃபோர்க்கைச் சுத்தம் செய்தபோது தண்டின் அடியில், இரண்டு காலும் சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, தலைமுடி மாதிரி ஒரு விரிசல் சுற்றி ஓடியிருந்தது. அப்படிப்பட்டதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் பழைய இரும்பு வாங்குகிற கபாடிவாலாவிடம் போட வேண்டும். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப் பெயிண்ட் அடித்து மாட்டிவிடுவார்கள், ஓட்டுகிறவன் செத்தான். இந்த வேலையில் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கிறவன் அறுக்காமல் விடமாட்டான். நானும் விட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் அறுக்கவில்லை.

அதற்கு நீலப் பெயிண்ட் அடித்து அந்த வாரம் தேவநேசனின் வண்டியில் மாட்டினேன். வண்டியோடு வந்த நல்ல ஃபோர்க்கைக் கழற்றி, ஒரு பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்தேன். ஏன் கழற்றினாய் என்று கேட்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அது ஒரு சின்ன விஷயம்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை பாத்திரக்காரி வந்திருக்கிறாள். பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுக்கிறவள். அனந்தலக்ஷ்மி சுங்குடிப் புடவையைத் தேடிப் பரணில் கை வைத்திருக்கிறாள். நான் ஆபீஸிலிருந்து வந்ததும், "ஏன்னா, என் புடவைக்குள்ள நீலமா ஒரு இரும்பு இருக்கே, அது அவர் வண்டியோடது இல்லையோ?" என்றாள். இல்லை, உதிரி சாமான் என்றேன். மறுபடி சுற்றி அங்கேயே வைத்துவிட்டாள். நல்ல பெண். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பனிமூட்டம் இல்லை. வெயில் நன்றாக அடித்தது. தேவநேசன் மப்ளரைக் கழற்றி என் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு ஏறினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. தௌலா குவான் தாண்டினதும் என் பக்கத்தில் வந்து, "ஓய், முன் பிரேக்கப் பிடிச்சா கழுத்துக்குள்ள டக்குடக்குங்குதே, என்னது?" என்றார்.

விரிசல் வாய் திறந்து மூடுகிற சத்தம் அது. எனக்குத் தெரியும். கேட்டவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொன்னதை நம்பக்கூடிய மனிதர். ரோட்டோரமாக ஒரு டீக்கடை இருந்தது, நிறுத்தியிருக்கலாம்.

"பேரிங்குக்குப் புதுசா கிரீஸ் வச்சிருக்கேன். ஓட ஓட சரியாயிடும்" என்றேன். பிறகு, "இறக்கத்துல முன் பிரேக்கையே பிடிங்கோ. பின் பிரேக் பிடிச்சா டயர் தேயறது" என்றேன்.

அது உண்மையான கவலை. பின் டயர் போனால் வேறு கிடையாது.

ரிட்ஜ் ரோட்டில் இரண்டு பக்கமும் கீக்கர் மரம். இறக்கம் முடிகிற இடத்தில் கோல் சக்கர், நம் ஊர் ரவுண்டானா, வரும், அங்கே யாராக இருந்தாலும் பிரேக் பிடித்தாக வேண்டும். தேவநேசன் எப்போதும் இறக்கத்தில் எனக்கு முன்னால் போய்விடுவார். அன்றைக்கு ஏதோ கீர்த்தனை பாடிக்கொண்டே போனார். நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கி வந்தேன். அவர் பிரேக் பிடித்தது தெரிந்தது. முன் சக்கரம் ஃபோர்க்கின் காலோடு தனியாகக் கழன்று ஓடியது. அவர் கையில் ஹாண்டில்பார் இருந்தது. அப்படியே தலைகுப்புற விழுந்தார்.

நான் இறங்கினேன். முதலில் வண்டியைத் தூக்கி ஒரு மரத்தில் சாய்த்தேன், செயின் பக்கம் வெளியே இருக்கும்படி. நடு ரோட்டில் கிடந்தால் பின்னால் வருகிறவர்கள் மேலே ஏற்றிவிடுவார்கள். பிறகுதான் அவரிடம் போனேன். கண் திறந்திருந்தது. "வண்டி..." என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு சர்தார்ஜி தன் ஸ்கூட்டர் ரிக்ஷாவை நிறுத்தி, "ஜல்தி, பாய் சாப், ஜல்தி" என்று தானே அவரைத் தூக்கி ஏற்றினார். மார்கரெட் வேலை செய்கிற ஆஸ்பத்திரிதான் பக்கம். அவள் டியூட்டியில் இருந்தாள். உள்ளே கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. அவள்தான் நாடி பார்த்தாள். கையை விடவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அது போதும் அண்ணே" என்றாள்.

அடக்கம் முடிந்து, வண்டியை உங்கள் ஸ்டேஷனிலிருந்து விட்டபோது அவளைத்தான் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எங் கண்ணுல பட வேண்டாம் அண்ணே. நீங்களே வச்சிக்கிடுங்க. உங்க கைன்னா அவங்களுக்கு உசிரு" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து புடவையை இறக்கி, ஃபோர்க்கைத் துடைத்து வண்டியில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, அந்த வண்டிக்கென்றே செய்ததாயிற்றே. அனந்தலக்ஷ்மி காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"உதிரி சாமான்னேளே" என்றாள்.

டம்ளரைத் தரையில் வைத்தாள். சுங்குடிப் புடவையை எடுத்து மடித்தாள், பிறகு மடித்ததைக் குப்பையில் போட்டாள். மறுநாள் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டாள். கொடியில் இருந்த மப்ளரைத் தொடவில்லை.

அவ்வளவுதான் விஷயம். விரிசல் இருந்தது தெரியும். மாட்டியது நான்தான். சத்தம் கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான். ஆனால் ஒரு விரிசல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை விடாமலே போயிருக்கலாம். இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம். வேண்டுமென்றே ஒருவரைக் கொல்கிற ஆள் நான் இல்லை, ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நல்ல ஃபோர்க்கை ஏன் கழற்றினேன் என்று கேட்டீர்கள். மோதின வண்டியின் ஃபோர்க் வெறும் கழிவு, அது எப்படிப் போனாலும் பரவாயில்லை. முன் சக்கரமும் ஹாண்டில்பாரும்கூட அன்றைக்கு அந்த வண்டியுடையவை இல்லை, பழசைத்தான் மாட்டியிருந்தேன். நல்லதெல்லாம் வீட்டில் பத்திரமாக இருந்தது. அவர் விழும்போது அவை கோணிப்போகக் கூடாது, அதற்காக மட்டும்தான் கழற்றினேன்.